வெளிநாட்டுப் பார்சல், சுங்கவரி, கூரியர் கட்டணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறக்குமதி ஆவணங்களோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், வெளிநாட்டுப் பார்சலுக்குப் பில் வந்ததும் உறவினர்களும் நண்பர்களும் என்னைக் கூப்பிடுவார்கள். ஆள் மாறும், கேள்வி மாறாது. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வரி விகிதமும் விலக்கு வரம்பும் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். அவற்றை உங்கள் நாட்டுச் சுங்கத்துறையின் தளத்தில்தான் பார்க்க வேண்டும். பில் உருவாகும் விதம் மட்டும் எங்கேயும் ஏறத்தாழ ஒன்றுதான். அது புரிந்துவிட்டால் எதைக் கட்டுவது, எதைக் கேள்வி கேட்பது என்பதில் குழப்பம் வராது.

பொருளுக்குப் பணம் கட்டியாச்சு, அனுப்புகிற செலவும் கட்டியாச்சு. அப்புறம் எதற்கு இன்னொரு பில்?

நீங்கள் கட்டிய இரண்டும் விற்றவருக்கும் கொண்டுவருபவருக்கும் போனவை. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: பொருள் நுழைகிற நாட்டின் அரசு. எல்லை தாண்டி வருவது கப்பல் கொள்கலனாக இருந்தாலும் கையளவு உறையாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் இறக்குமதிதான். அதைப் பெற்றுக்கொள்ளும் நீங்கள்தான் இறக்குமதியாளர். உள்ளூர்க் கடையில் வாங்கும்போது இந்த வரியெல்லாம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். இங்கே அது தனியாகக் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பணத்தை வாங்குவது அரசா, கூரியர் கம்பெனியா?

இருவருமே. பில்லில் மூன்று வகைத் தொகை இருக்கும். முதலாவது சுங்கத் தீர்வை, அதாவது பொருள் எல்லை தாண்டி நுழைவதற்கான வரி. இரண்டாவது, உள்நாட்டில் விற்கும் பொருளுக்கு இருப்பது போன்ற வரி. சில நாடுகளில் ஜி.எஸ்.டி., சில நாடுகளில் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி. இந்த இரண்டும் அரசுக்குப் போகின்றன, கூரியர் வசூலித்துக் கொடுக்கிறது. மூன்றாவது, அந்த வேலையைச் செய்ததற்காகக் கூரியர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் கட்டணம்.

யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "மூன்றும் தனித்தனியாகப் போட்டிருக்கிறதா?" மொத்தத் தொகை மட்டும் வந்திருந்தால், கட்டுவதற்கு முன் பிரித்துக் காட்டும்படி கேளுங்கள். முதல் இரண்டில் தவறு இருந்தால் முடிவு சுங்கத்துறையின் கையில். மூன்றாவதில் தவறு இருந்தால் கூரியரிடம் பேச வேண்டும். ஆள் மாற்றிப் புகார் கொடுப்பதால்தான் பாதிப் புகார்கள் எங்கேயும் போய்ச் சேராமல் நின்றுவிடுகின்றன.

வரியை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? எனக்கு எப்போதும் நினைத்ததைவிட அதிகமாகவே வருகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பொருளின் விலை 100, அனுப்பும் செலவு 20. தீர்வை 10 சதவீதம், உள்நாட்டு வரி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் மனதில் போடும் கணக்கு: 100-க்கு 25 சதவீதம், ஆக 25. உண்மையில் நடப்பது வேறு. பல நாடுகளில் பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டித்தான் அடிப்படை மதிப்பு. இங்கே காப்பீடு இல்லை என்றால் அது 120. அதன்மேல் தீர்வை 12. இப்போது 132 ஆகிவிட்டது. உள்நாட்டு வரி இந்த 132-இன் மேல் விழுகிறது: 19.80. அரசுக்கு மட்டும் 31.80. கூரியரின் கட்டணம் 15 என்றால் மொத்தம் 46.80.

வரியின்மேல் வரி, அனுப்பும் செலவின்மேலும் வரி. இந்த இரண்டும்தான் கணக்கை உயர்த்துகின்றன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகள் சர்வதேச அனுப்பும் செலவைச் சேர்க்காமல் பொருளின் விலைமேல் மட்டும் தீர்வை போடுகின்றன. உங்கள் நாடு எந்த வகை என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால், ஆர்டர் போடும் முன்பே பில்லை ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

கார்டில் கழிந்த தொகை ஒன்று, சுங்கத்தில் காட்டும் விலை வேறாக இருக்கிறதே?

சுங்கத்துறை உங்கள் வங்கியின் மாற்று விகிதத்தைப் பார்ப்பதில்லை. தானே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒரு விகிதத்தை அறிவித்து, அந்தக் காலம் முழுவதும் அதையே பயன்படுத்தும். சிறு வித்தியாசம் இயல்பு. பெரிய வித்தியாசம் என்றால் அது வேறு விஷயம். பின்னால் வரும் தவறான கணக்கு பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வது யார்? ஒரே மாதிரி இரண்டு பைக்கு இரண்டு விதமாக வந்தது.

பொருளின் வகைப்பாட்டு எண்தான் முடிவு செய்கிறது. இதை எச்.எஸ். எண் என்பார்கள். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் பட்டியல் இது. 1988 முதல் நடைமுறையில் உள்ளது. உலகில் விற்கப்படும் எல்லாப் பொருளையும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆறு இலக்கக் குழுக்களில் அடக்கியிருக்கிறார்கள். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பின் வரும் இலக்கங்களையும் வரி விகிதத்தையும் ஒவ்வொரு நாடும் தானே வைத்துக்கொள்கிறது.

பைகள் இந்தப் பட்டியலில் 4202 என்ற தலைப்பின் கீழ் வரும். அங்கே வெளிப்பக்கம் தோலா, பிளாஸ்டிக்கா, துணியா என்பதைப் பொறுத்து எண் மாறும். உங்கள் இரண்டு பைகளில் ஒன்று தோல், மற்றொன்று தோல் மாதிரி தோன்றும் பிளாஸ்டிக்காக இருந்திருக்கலாம். துணிகளிலும் இப்படித்தான்: பின்னலாடை 61-ஆம் அத்தியாயம், நெய்த துணியில் தைத்தது 62-ஆம் அத்தியாயம். அச்சிட்ட புத்தகம் 49-இல் வரும். பல நாடுகளில் அதற்குத் தீர்வையே இல்லை. விற்பவர் பொருளின் விவரத்தில் 'பை' என்று மட்டும் எழுதினால், எந்த எண் என்பதை அதிகாரியோ கூரியர் ஊழியரோ ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த ஊகத்தின் விலையை நீங்கள் கொடுக்கிறீர்கள்.

சின்னத் தொகைக்கு வரி இல்லை என்று சொன்னார்களே?

இருந்தது. இப்போது பல இடங்களில் குறைந்தோ மறைந்தோ வருகிறது. வசூலிக்கும் செலவே வரியைவிட அதிகமாகும் என்பதால் ஒரு வரம்புக்குக் கீழே விட்டுவிடும் வழக்கம் இது. 'டி மினிமிஸ்' என்பார்கள். இணையக் கடைகள் வளர்ந்து சிறு பார்சல்கள் பெருவெள்ளமாக வந்தபோது, உள்ளூரில் வரி கட்டி விற்கும் வணிகர்கள் இதை எதிர்த்தார்கள். ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1 முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையான பொருள்களுக்கும் ஜி.எஸ்.டி. கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலை 1-இல் நீக்கியது. சிங்கப்பூர் 2023 ஜனவரி 1 முதல் 400 சிங்கப்பூர் டாலர் வரையான பொருள்களையும் ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தது. அமெரிக்கா 2016-இல் வரம்பை 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்த்தியிருந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் அந்தச் சலுகையை நிறுத்தியது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். தீர்வைக்கு ஒரு வரம்பும் உள்நாட்டு வரிக்கு வேறொரு வரம்பும் இருக்கலாம். ஒன்றில் விலக்கு கிடைத்து மற்றொன்றில் கிடைக்காமல் போகலாம். வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, பொதுவாக முழு மதிப்புக்கும் வரி விழும். மது, புகையிலை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இந்தச் சலுகையே கிடையாது.

அப்போ மூன்று பார்சலாகப் பிரித்து அனுப்பச் சொன்னால்?

ஒரே ஆளிடமிருந்து ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் வருபவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் அதிகாரம் சுங்கத்துறைக்கு உண்டு. ஒரே ஆர்டரைப் பிரித்ததாகத் தெரிந்தால் விலக்கு போய்விடும். அதோடு, மூன்று பார்சலுக்கும் மூன்று முறை அனுப்பும் செலவு, மூன்று முறை கூரியர் கட்டணம். கூட்டிப் பார்த்தால் மிச்சம் பிடித்தவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பரிசு என்று எழுதினால் வரி கிடையாதுதானே?

'பரிசு' என்ற சொல்லுக்கு அப்படி ஒரு சக்தி கிடையாது. பரிசுக்குத் தனி விலக்கு தரும் நாடுகள் உண்டு, ஆனால் தொகை சிறியது: ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, பிரிட்டனில் 39 பவுண்டு, கனடாவில் 60 கனடிய டாலர். அதுவும் ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குப் பணம் வாங்காமல் அனுப்பினால் மட்டும். உங்கள் அண்ணன் அங்கே இருந்து இணையக் கடையில் ஆர்டர் போட்டு, கடை நேராக உங்களுக்கு அனுப்பினால் அது உங்களைப் பொறுத்தவரை பரிசுதான். ஆனால் அனுப்பியவர் பெயர் கடை என்று இருப்பதால் பல நாடுகளில் அது பரிசுக் கணக்கில் வராது. இந்தியா 2019 டிசம்பரில், பரிசு என்ற பெயரில் தீர்வை இல்லாமல் கொண்டுவரும் வழியை ஏறத்தாழ முழுவதும் அடைத்துவிட்டது. முழுத் தீர்வை கட்டினால் பரிசும் வரலாம்.

விற்பவரே 'விலையைக் குறைத்துப் போடவா?' என்று கேட்கிறார். சரி என்று சொல்லலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பொய்யான மதிப்பு அறிவிப்பு சுங்கக் குற்றம். முதல் பதிலில் சொன்னபடி இறக்குமதியாளர் நீங்கள். அபராதம், பறிமுதல் எல்லாம் உங்கள் பெயரில் நடக்கும். விற்பவர் வேறு நாட்டில் நிம்மதியாக இருப்பார்; அவருக்கு இது செலவில்லாத தாராளம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமும் அல்ல. பெட்டிக்குள் இருக்கும் பொருளின் விலையை இணையத்தில் தேட அதிகாரிக்கு ஒரு நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் ஆர்டர் விவரத்தையும் பணம் செலுத்திய சான்றையும் கேட்பார்கள். அப்போது உங்கள் வங்கிக் கணக்கில் 200, பெட்டியின் மேல் 20 என்று இருந்தால் சொல்வதற்கு எதுவுமில்லை. சான்று கொடுக்காவிட்டால் அதே மாதிரிப் பொருள்களின் விலையை வைத்து அவர்களே மதிப்பு போடுவார்கள். உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தம் அதற்கென்று ஆறு வழிகளை வரிசையாகவே வகுத்து வைத்திருக்கிறது. முதல் வழி நீங்கள் உண்மையில் கொடுத்த விலை. அது நம்பும்படி இல்லாதபோதுதான் அடுத்தடுத்த வழிகள்.

பலர் யோசிக்காத இன்னொரு பக்கமும் இருக்கிறது. பார்சல் தொலைந்தாலோ உடைந்தாலோ இழப்பீடு பெட்டியின் மேல் எழுதிய மதிப்புக்கு மேல் கிடைக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் விலை உயர்ந்த லென்ஸ் ஒன்றை மிகக் குறைந்த மதிப்பு போட்டு வரவழைத்தார். வழியில் உடைந்தது. அவருக்குக் கிடைத்த இழப்பீட்டில் லென்ஸின் மூடியைக்கூட வாங்க முடியவில்லை. வரியில் மிச்சம் பிடிக்க நினைத்ததைப் போலப் பல மடங்கு போயிற்று.

தள்ளுபடியில் வாங்கினேன். இலவசமாக அனுப்பிய பொருளுக்கும் விலை கேட்கிறார்களே?

தள்ளுபடி உண்மை என்றால் கொடுத்த விலைதான் மதிப்பு. சான்று வைத்திருங்கள். தளத்தில் இப்போது முழு விலை காட்டினால் அதிகாரி அதையே எடுத்துக்கொள்ளக்கூடும். இலவச மாதிரி, உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்த பொருள் போன்றவற்றுக்கு நீங்கள் பணம் கொடுக்கவில்லை என்றாலும் அந்தப் பொருளுக்கு மதிப்பு உண்டு. இன்வாய்ஸில், அதாவது விற்பவரின் விலைப்பட்டியலில், பூஜ்யம் போட்டால் பார்சல் நிற்கும். நியாயமான மதிப்பையும் இலவசமாக அனுப்பப்பட்டதற்கான காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

தபாலில் வரவழைப்பது மலிவா, கூரியரா?

சிறிய, அவசரமில்லாத பொருளுக்குத் தபால்தான் பெரும்பாலும் மலிவு. அவசரமானது, விலை உயர்ந்தது என்றால் கூரியர். இரண்டும் வேறு வேறு ஏற்பாடுகள். தபால் ஓடுவது 1874-இல் தொடங்கி இன்று பெர்ன் நகரில் இயங்கும் உலகத் தபால் ஒன்றியத்தின் விதிகளின்படி. அனுப்புபவர் சி.என். 22 அல்லது சி.என். 23 என்ற சிறு படிவத்தை ஒட்டுகிறார். 300 எஸ்.டி.ஆர். வரை முதலாவது, அதற்கு மேல் இரண்டாவது; எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. வந்து சேர்ந்ததும் தபால் பிரிவில் உள்ள சுங்க அதிகாரி படிவத்தைப் பார்த்து வரி போடுகிறார். தபால்காரர் வசூலித்துத் தருகிறார். தபால்துறையின் கையாளும் கட்டணம் பொதுவாகச் சிறியது. ஆனால் நாள் ஆகும், நடுவில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் கிடைக்காது.

கூரியர் நிறுவனம் தன் சொந்த விமானம், சொந்தக் கிடங்கு, சொந்தச் சுங்க முகவர்களை வைத்திருக்கிறது. விமானம் தரையிறங்கும் முன்பே மின்வழியில் உங்கள் பெயரில் அறிவிப்பைத் தாக்கல் செய்துவிடும். வேகம் அங்கிருந்துதான் வருகிறது. கட்டணமும் அங்கிருந்துதான்.

கூரியர் பில்லில் பல கட்டணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் என்ன?

பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அடிப்படையில் இருப்பவை இவை. முதலாவது முன்பணக் கட்டணம்: உங்கள் வரியைக் கூரியரே அரசிடம் முன்னதாகக் கட்டிவிடுகிறது, அந்தக் கைமாற்றுக்கான கூலி இது. பெரும்பாலும் வரியில் இத்தனை சதவீதம் அல்லது ஒரு குறைந்தபட்சத் தொகை, எது அதிகமோ அது. சின்னப் பார்சலில் அடி விழுவது இந்த இடத்தில்தான். வரி 5 என்றாலும் குறைந்தபட்சம் 15 என்றால் 15-தான். ஆகவே விலை குறைந்த பொருளைக் கூரியரில் வரவழைக்கும் முன் இந்தக் குறைந்தபட்சத் தொகையை அவர்கள் தளத்தில் தேடிப் பாருங்கள். அவர்கள் வாடிக்கையாளர்களுக்கென்று அச்சிட்ட கட்டணப் பட்டியலில் அது இருக்கும்.

அடுத்தது கிளியரன்ஸ் கட்டணம், அதாவது சுங்கத்திலிருந்து பார்சலை விடுவிக்கும் வேலைக்கானது. எளிய பார்சலுக்கு இது இருக்காது, அல்லது அனுப்பும் செலவிலேயே அடங்கியிருக்கும். பெட்டிக்குள் பல வகைப் பொருள்கள் இருந்தால் ஒவ்வொரு எச்.எஸ். எண்ணுக்கும் அறிவிப்பில் தனிப் பதிவு எழுத வேண்டும். ஒரு எண்ணிக்கையைத் தாண்டினால் கூடுதல் தொகை கேட்பார்கள். பிற துறை அனுமதி தேவைப்படும் பொருளுக்கும் கூடுதல் உண்டு. அப்புறம் கிடங்கு வாடகை: இலவச நாள்கள் முடிந்தபின் நாள்கணக்கில் ஏறும், இதைத்தான் டெமரேஜ் என்றும் சொல்கிறார்கள். எரிபொருள் கூடுதல் கட்டணம், தொலைவான ஊருக்கான கட்டணம் ஆகியவை அனுப்புபவர் கட்ட வேண்டியவை. உங்கள் பில்லில் அவை தோன்றினால் காரணம் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

சில நாடுகளில், உதாரணமாகக் கனடாவில், கூரியரில் வந்த பார்சலுக்கு நீங்களே சுங்க அலுவலகத்தில் கணக்கு முடித்துக்கொள்ளலாம். நேரம் இருப்பவர்களுக்கு அது கூரியரின் கட்டணத்தைக் குறைக்கும் வழி. டெலிவரிக்கு முன் அவர்கள் தளத்திலேயே வரியைக் கட்டினால் கட்டணம் குறையும் இடங்களும் உண்டு.

பெட்டி இரண்டு கிலோகூட இல்லை. ஏழு கிலோவுக்குக் கட்டணம் போட்டிருக்கிறார்கள்!

அது கன அளவு எடை. விமானத்தில் எடை மட்டுமல்ல, இடமும் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பெரிய கூரியர்களின் வழக்கம். சில சேவைகள் 6,000-ஆல் வகுக்கின்றன. 40, 30, 30 அளவுள்ள பெட்டி 36,000. 5,000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம். தலையணை, பொம்மை, தொப்பி மாதிரிப் பொருளுக்கு இதுதான் செலவு. சின்னப் பெட்டியில் வைக்கச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். அனுப்பும் செலவு குறைந்தால், முன்பு போட்ட கணக்கின்படி, பல நாடுகளில் வரியும் சேர்ந்து குறையும்.

ஆர்டர் போடும்போதே 'வரி உட்பட' என்று கட்டினேன். வாசலில் மறுபடியும் கேட்கிறார்கள்.

இரண்டில் ஒன்று நடந்திருக்கும். விற்பவர் தன் நாட்டு வரியைச் சேர்த்ததைத்தான் 'வரி உட்பட' என்று எழுதியிருக்கலாம். அதற்கும் உங்கள் நாட்டு வரிக்கும் தொடர்பில்லை. அல்லது உங்கள் நாட்டு வரியை உண்மையாகவே வாங்கிவிட்டு, அந்த விவரத்தைப் பார்சலின் தரவில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வரும் 150 யூரோ வரையான பொருள்களில் இதை அதிகம் பார்க்கலாம். விற்பவர் வாட் கட்டியதற்கான பதிவு எண் கூரியருக்கோ தபாலுக்கோ போய்ச் சேராவிட்டால், சுங்கத்துறைக்கு அது வரி கட்டாத பார்சல்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய சொற்கள் இரண்டு. டி.டி.பி. என்றால் வரியெல்லாம் விற்பவர் பொறுப்பு. டி.ஏ.பி. என்றால் வரி உங்கள் பொறுப்பு. இவை பன்னாட்டு வணிகச் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளவை. டி.டி.யு. என்ற பழைய சொல் 2010 பதிப்பிலேயே நீக்கப்பட்டது. கூரியர் ஆள்கள் இன்னும் சொல்வார்கள், அர்த்தம் டி.ஏ.பி. மாதிரிதான். டி.டி.பி. என்று வாங்கியும் பில் வந்தால், கட்டுவதற்கு முன் விற்பவருக்கு எழுதுங்கள். அவர் கூரியரிடம் சொல்லி பில்லைத் தன் கணக்குக்கு மாற்ற முடியும். நீங்கள் கட்டிய பிறகு திரும்ப வாங்குவது நீண்ட வேலை.

வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டிலிருந்துதானே வாங்கினேன்? ஏன் தீர்வை?

எங்கிருந்து அனுப்பினார்கள் என்பதைத் தீர்வை பார்ப்பதில்லை, எங்கே செய்யப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறது. பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் 2021 முதல் தீர்வையில்லா ஒப்பந்தம் இருக்கிறது. ஆனாலும் ஜெர்மனியில் உள்ள கடையில் வாங்கிய சீனத் தயாரிப்பு 135 பவுண்டைத் தாண்டினால் பிரிட்டனில் தீர்வை வரக்கூடும். ஒப்பந்தச் சலுகை வேண்டுமானால் பொருள் அந்த நாட்டில் உருவானது என்ற அறிக்கை இன்வாய்ஸில் இருக்க வேண்டும். சிறு விற்பனையாளர்கள் இதை மறந்துவிடுவார்கள். நினைவூட்டினால் எழுதித் தருவார்கள்.

ஒரு வாரமாக 'கஸ்டம்ஸில் உள்ளது' என்றே காட்டுகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் காகிதம்தான் காரணம். 'உதிரி', 'பரிசு', 'துணை' போன்ற மங்கலான விவரம், இன்வாய்ஸ் இல்லாமை, நம்ப முடியாத விலை, பெறுபவரின் அடையாள எண் இல்லாமை. கூரியரைக் கூப்பிட்டு "என்ன நடக்கிறது?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "கிளியரன்ஸ் பிரிவு என்னிடமிருந்து எந்த ஆவணத்துக்காகக் காத்திருக்கிறது?" என்று கேளுங்கள். ஆர்டர் உறுதி, பணம் செலுத்திய சான்று, பொருளின் பக்கம், அடையாளச் சான்று நான்கையும் ஒரே மின்னஞ்சலில் அன்றே அனுப்புங்கள். கிடங்கு நாள்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

என் சொந்தப் பார்சல் ஒன்று இப்படி நின்றது. கூரியர் இரண்டு முறை ஆவணம் கேட்டு எழுதியிருந்தது; இரண்டும் என் அஞ்சல்பெட்டியின் ஸ்பேம் பகுதியில் கிடந்தன. நான் கண்டுபிடித்தபோது கிடங்கு வாடகை ஏறத் தொடங்கிவிட்டது. பார்சல் வரும் வாரத்தில் அந்தப் பகுதியையும் தினமும் பாருங்கள்.

'பார்சல் நிற்கிறது, சிறு தொகை கட்டுங்கள்' என்று செய்தி வந்தது. உண்மையா?

இணைப்பைத் தொடாதீர்கள். மோசடிக்காரர்கள் வேண்டுமென்றே சிறு தொகை கேட்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தத் தொகை அல்ல, உங்கள் கார்டு விவரம். கூரியரின் தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, விற்பவர் கொடுத்த டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையான வரி என்றால் அங்கேயும் தெரியும்.

தபால் என்றால் எண்ணைப் பார்த்தே ஒரு முதல் சோதனை செய்யலாம். பன்னாட்டுத் தபால் எண்ணில் 13 இடங்கள்: இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டெழுத்து. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் அது வரும் (விடை 10 என்றால் 0, 11 என்றால் 5). 12345678-க்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, சரிபார்ப்பு இலக்கம் 5. பொருந்தவில்லை என்றால் எண் போலி. பொருந்தினாலும் செய்தி உண்மை என்று ஆகிவிடாது. வேறொருவரின் உண்மையான எண்ணைப் போட்டிருக்கலாம்.

பவர் பேங்க், சென்ட், மருந்து எல்லாம் வருமா?

பவர் பேங்க் தபாலில் வராது. லித்தியம் பேட்டரி கருவிக்குள் பொருத்தப்பட்டிருந்தால் மட்டும், அளவு வரம்போடு, ஏற்கப்படலாம். சென்ட் தீப்பற்றும் திரவம் என்பதால் தபாலில் பெரும்பாலும் தடை. மருந்து, விதை, உணவுப்பொருள் ஆகியவற்றுக்குப் பெறும் நாட்டின் தனி அனுமதி தேவைப்படலாம். பவளம், தந்தம், சில மர வகைகள் 1975 முதல் நடைமுறையில் உள்ள அழியும் உயிரினங்கள் ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. ரோஸ்வுட் மரங்களின் பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில் இதில் சேர்ந்தபோது கிதார் வாங்கியவர்கள் பலர் திண்டாடினார்கள். முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு வந்தது.

பில்லைப் பார்த்தேன், வேண்டாம் என்று தோன்றுகிறது. மறுக்கலாமா?

மறுக்கலாம். ஆனால் பணம் தானாகத் திரும்பி வராது. பார்சல் விற்பவருக்குத் திரும்பும் அல்லது அழிக்கப்படும். திரும்பும் செலவையும் சேர்ந்த கட்டணங்களையும் கூரியர் அனுப்பியவரிடம் கேட்கும். அவர் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார், சிலர் எதுவும் தர மாட்டார்கள். மறுப்பதற்கு முன் விற்பவரின் விதியைப் படியுங்கள். பில் தவறு என்பதற்காக மறுப்பது மட்டும் வேண்டாம். அதற்குக் கீழே உள்ள வழி இருக்கிறது.

கணக்கே தப்பு என்று தெரிகிறது. யாரிடம் போவது?

கூரியரிடம் சுங்க அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். அதில் நான்கு இடத்தைப் பார்த்தால் போதும்: மதிப்பு, நாணயம், எச்.எஸ். எண், எண்ணிக்கை. நான் பார்த்த பெரிய தவறுகள் எல்லாம் நாணயத்தில்தான். 9,000 யென் என்று இருந்ததை 9,000 டாலர் என்று பதிந்தால் பில் எங்கேயோ போய் நிற்கும். இது கூரியரின் தரவுப் பதிவுத் தவறு என்பதால் அவர்களே திருத்தம் தாக்கல் செய்ய வேண்டும். எழுத்தில் கேளுங்கள், இன்வாய்ஸை இணையுங்கள்.

தொகை கைக்கு அடங்குவது என்றால் கட்டிப் பார்சலை எடுத்துவிட்டுப் பிறகு திரும்பக் கோருவதுதான் என் ஆலோசனை. இல்லாவிட்டால் கிடங்கு வாடகை ஏறும். பெரிய தொகை என்றால் கட்டாமல், பில் சர்ச்சையில் உள்ளது என்று எழுத்தில் தெரிவித்து, வாடகையை நிறுத்தி வைக்கக் கேளுங்கள். கோருவதற்குக் கால வரம்பு உண்டு. அதற்குள் பெட்டியின் லேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், படமும் எடுத்து வையுங்கள்.

பொருள் பிடிக்காமல் திருப்பி அனுப்பினேன். கட்டிய வரி கிடைக்குமா?

பல நாடுகளில் அரசுக்குப் போன பகுதி கிடைக்கும், கூரியர் கட்டணம் கிடைக்காது. பொருள் நாட்டைவிட்டு வெளியேறியதற்கான சான்று வேண்டும். அதனால் திருப்பி அனுப்பும் ரசீதும் டிராக்கிங் பதிவும் முக்கியம். அனுப்பும்போது படிவத்தில் 'திரும்பும் பொருள்' என்று எழுதி, பழைய இன்வாய்ஸையும் சேருங்கள். இல்லையென்றால் அங்கே விற்பவருக்கு வரி விழும், அதை உங்கள் பணத்திலிருந்து கழிப்பார்.

பழுதுபார்க்க வெளிநாடு அனுப்பிய என் சொந்தக் கருவிக்குத் திரும்பி வரும்போது வரியா?

அனுப்பும் முன் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் முழு மதிப்புக்கும் வரக்கூடும். வெளியே போகும்போதே வரிசை எண்ணோடு சுங்கத்தில் பதிவு செய்யும் வழி பல நாடுகளில் உண்டு. பதிவு இருந்தால் திரும்பும்போது பழுதுபார்த்த செலவின் மேல்தான் வரி கணக்கிடப்படும். பழைய பொருளை வாங்குவதும் இறக்குமதிதான்; பழையது என்பதற்கு விலக்கில்லை, இன்றைய மதிப்புக்கு வரி. குடிமாறி வருகிறவர்களின் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் தனிச் சலுகை இருக்கும், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பார்சல் கைக்கு வந்து மூன்று வாரம் ஆச்சு. இப்போது பில் அனுப்புகிறார்கள். கட்ட வேண்டுமா?

உண்மையான பில் என்றால் கட்ட வேண்டும். சில கூரியர்கள் டெலிவரியைத் தாமதிக்காமல் வரியைத் தாங்களே கட்டிவிட்டுப் பிறகு பில் அனுப்புகின்றன. ஆனால் போலிச் செய்தி பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்: பில் எண்ணையும் டிராக்கிங் எண்ணையும் அவர்கள் தளத்தில் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து, மூன்று வகைத் தொகையும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரிடம் வரியையும் சேர்த்துக் கட்டியிருந்தால் பில்லை அவருக்கு அனுப்பிவிட்டு, கூரியருக்கும் அதைத் தெரிவியுங்கள். பதில் வரும்வரை சும்மா இருந்துவிடாதீர்கள். தாமதக் கட்டணம் சேரக்கூடும்.